இருநூற்றுப் பன்னிரண்டு

ஏப்ரல் 6

கோயில் பண்டிகை முடிந்து ஈரோடு முழுக்க எங்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்கக் கிளம்பி வந்துவிட்டது. பத்து நாள் மஞ்சள் தண்ணீரும் வடையுமாகத் திரிந்துவிட்டு, பதினோராம் நாள் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஏறாமல் எங்கே போகும்.

ஹார்மோன் மெஷினில் ஒரு பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் 212. பெயர் கௌசிகா, வயது இருபத்து மூன்று. பெண்களுக்கு எழுபதைத் தாண்டினாலே கூடுதல். மறுபடி ஓட்டச் சொன்னேன். 209. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 8

டாக்டர் பிரமிளா போன் செய்தார். மகப்பேறு மருத்துவர், ஊரிலேயே கூட்டம் அதிகம் அவருக்குத்தான். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே வைத்தியம் பார்க்கும் வித்தை தெரிந்தவர். காகிதத்தில் எண் இருந்தால் போதும்.

"கோதை மேடம், அந்த இருநூத்திப் பன்னண்டு சரிதானே?"

"ரெண்டு தடவை ஓட்டியாச்சு டாக்டர்."

"எனக்கு அது போதும். பிசிஓடி கேஸ்தான், ஆனா இருநூறுக்கு மேலன்னா கட்டியா இருக்கும். ஸ்கேன்ல எடது சினைப்பை கொஞ்சம் பெருசா இருக்கு. எடுத்துர்றேன்."

இரண்டு தடவை ஓட்டினேன் என்பதில் என்ன பெரிய உறுதி. தப்பான தராசில் இரண்டு தடவை நிறுத்தாலும் அதே எடைதான் காட்டும். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9

மாவு புளித்துவிட்டது. இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஏப்ரல் 11

அந்தப் பெண்ணே வந்துவிட்டாள், அம்மாவோடு. அம்மா பெயர் ருக்மணி. கொண்டுவந்திருந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். ரிப்போர்ட்டுக்கு நம் ஜனங்கள் தரும் மரியாதையில் பாதியை உடம்புக்குத் தரலாம்.

"ஏனுங்க மேடம், உங்ககிட்ட எரநூத்திப் பன்னண்டுன்னு வந்துச்சு. நேத்து வேற லேப்ல குடுத்தோம். அங்க ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. அஞ்சு நாள்ல இத்தனை கொறையுமுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். அது வேறு அலகு. நாங்கள் நானோகிராமில் கொடுக்கிறோம், அவர்கள் நானோமோலில். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே ஹார்மோனுக்கு இரண்டு அலகு. ரிப்போர்ட்டின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன். எங்கள் கணக்கில் 61.

"அவங்க அளக்கற முறை வேறம்மா. மாத்திப் பார்த்தா அறுபத்தொண்ணு வருது."

"அப்பவும் எரநூறு இல்லீங்களே?"

"ஒவ்வொரு லேப்லயும் மெஷின் வேற வேற. கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும்."

மூன்றரை மடங்கை நான் கொஞ்சம் என்று சொன்னேன். அந்த அம்மாள் தலையாட்டினாள். பெண் ஆட்டவில்லை. மெலிந்த பெண்; முகவாய் முடியைப் பவுடரை அப்பி மறைத்திருந்தாள். அப்படி மறைத்தால் நன்றாகவே தெரியும் என்று இவர்களுக்கு யாராவது சொல்லக் கூடாதா.

"அப்ப ரெண்டுல எதுங்க என்னோடது?" என்று கேட்டாள்.

"டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன். முப்பது வருடம் எங்கள் தொழிலைக் காப்பாற்றி வந்திருக்கும் வாக்கியம் அது.

"கேட்டோமுங்க. பெருசாக் காட்டுறதைத்தான் நம்போணுமாம். இருபத்தாறாம் தேதி ஆபரேஷன்னு சொல்லீட்டாங்க."

ஏப்ரல் 12

ஃப்ரீசரில் ஒரு மாத மாதிரிகளை வைத்திருப்போம். கௌசிகாவின் ஏப்ரல் 5 சீரத்தைத் தேடி எடுத்தேன். ஜூனில் தர ஆய்வாளர்கள் வருகிறார்கள். நாங்களே முன்வந்து நாலு மாதிரிகளை வெளியே சரிபார்த்ததாகக் காட்டினால் நன்றாக இருக்கும். அதற்காகத்தான்.

பெங்களூரில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வைத்திருக்கும் லேப் ஒன்றுக்கு அனுப்புகிறேன். எங்கள் மெஷின் ஹார்மோனை ஒட்டவைத்துப் பிடிக்கும். ஜாடை ஒத்துப்போனால் அடுத்த வீட்டுக்காரனையும் பிடித்துவரும். அந்தக் கருவி ஒவ்வொரு மூலக்கூறையும் பிரித்து எடை பார்க்கும். ஏமாறாது.

கையோடு இன்னொன்றும் செய்தேன். என் ரத்தத்தையே எடுத்து ஐந்து குழாயாகப் பிரித்து, ஐந்து கற்பனைப் பெயர்களில் ஊரிலுள்ள ஐந்து லேப்களுக்கு அனுப்பினேன். அதில் ஒன்று நாங்கள்.

ரத்தம் எடுத்தது ரெஹானா. எட்டு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறாள். கை சுத்தம், வாய்தான் நிற்காது.

"மேடம், இந்தக் கேஸ் அந்த பவானிக்காரப் பொண்ணு பூர்ணிமா கேஸ் மாதிரியே இருக்குல்ல?"

"பஞ்சை அழுத்திப் பிடி. ரத்தம் வருது."

இரண்டு வருடம் ஆகிறது. தினம் இருநூறு பேர் வந்து போகும் இடத்தில் ஒரு பெயரை இவள் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. லேப் லீவு. தலைக்குச் சாயம் அடித்தேன். அக்கா போன் செய்து அரை மணி நேரம் மருமகளைத் திட்டினாள்.

மத்தியானம் சும்மா லேப் வரை போய்வந்தேன். மெஷினோடு வந்த கிட் விளக்கத்தாளைப் பார்க்க வேண்டியிருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏப்ரல் 17

லேப் நடத்துபவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டம். ஒரு ஓட்டலின் மாடியில். பதினெட்டுப் பேர் வந்தோம். பதினாறு பேர் போண்டாவுக்காக.

என் ஒரே ரத்தத்துக்கு வந்த ஐந்து ரிப்போர்ட்டையும் திரையில் போட்டுக் காட்டினேன். 14, 27, 39, 55. ஐந்தாவது 0.9, அலகே போடவில்லை. இயல்பு அளவு என்று ஓரத்தில் அச்சடிப்பது ஐவருக்கும் ஐந்து விதம். ஒருவர் கணக்கில் எனக்குக் குறைவு, மூவருக்கு நான் சரி, ஒருவருக்கு நான் பிசிஓடி நோயாளி. மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் கிடைத்த பட்டம்.

"இது ஆம்பளைங்க அளவுக்காகச் செஞ்ச மெஷின்" என்றேன். "அவங்களுக்கு ஐந்நூறு அறுநூறு இருக்கும். பொம்பளைங்களுக்கு முப்பது நாப்பதுதான். லாரி நிறுக்கற மேடையில தோட்டை நிறுத்துக்கிட்டு இருக்கோம். எல்லாரும் ஒரே அலகுக்கு வரலாம். காலையில பத்து மணிக்குள்ள, மாதவிலக்கான அஞ்சு நாளுக்குள்ள ரத்தம் எடுக்கலாம். என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேக்கலாம். நூத்தம்பதைத் தாண்டினா பெங்களூருக்கு அனுப்பி உறுதி பண்ணிட்டுக் கையெழுத்துப் போடலாம்."

சங்கத்தின் தலைவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே கேட்டார்: "ஆம்பளைங்களுக்குச் சரியா வருதுங்கள்ல மேடம்? அப்பறம் என்ன பிரச்சினை?"

சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை போலிருக்கிறது. இன்னொருவர், ரத்தம் கொடுக்க வரும் பெண்களிடம் லேப் ஆட்கள் மாதவிலக்குத் தேதியைக் கேட்டால் அடி விழும் என்றார். அவர்களுடைய சிறுநீரையும் மலத்தையும் டப்பாவில் வாங்கும்போது வராத கூச்சம்.

எங்கள் முதலாளி டாக்டர் நாச்சிமுத்து வாயே திறக்கவில்லை. படி இறங்கும்போது மட்டும், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஏப்ரல் 19

பெங்களூர் ரிப்போர்ட் வந்தது. நாங்கள் 212 என்று கொடுத்த அதே சீரத்தில் டெஸ்டோஸ்டிரோன் 57. கூடவே ஒரு குறிப்பு: மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையிலுள்ள நோரெதிஸ்டிரோன் அந்த மாதிரியில் இருக்கிறது.

கௌசிகாவின் நம்பருக்கு நானே போன் செய்தேன்.

"ஏப்ரல் அஞ்சாந்தேதி எங்ககிட்ட ரத்தம் குடுக்கறப்ப ஏதாவது மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தியா?"

"இல்லீங்களே."

"தேதி தள்ளிப்போக?"

"அதுங்களா. பண்டிகைக்குத் தீர்த்தக்கொடம் எடுக்கறதா வேண்டுதலுங்க. எனக்கு எப்ப வரும்னே தெரியாது, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மூணு மாசத்துக்கு ஒருக்கா. அதனால மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் பத்து நாளும் போட்டுட்டேன். அது மருந்துக் கணக்குல வருமுங்களா?"

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"யாரும் கேக்கலீங்க மேடம்."

நாங்களும் கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் சாப்பிட்டாயா, சாப்பிடவில்லையா என்று ஒரு கட்டம் உண்டு. அது சர்க்கரைக்காக. இந்த ஊரில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இந்த மாத்திரையை விழுங்காத பெண் யார் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த மாத்திரையின் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. அக்கா எது தங்கை எது என்று எங்கள் மெஷினுக்குத் தெரியாது.

ஏப்ரல் 20

திருத்திய ரிப்போர்ட்டை அச்சடித்து டாக்டர் நாச்சிமுத்துவின் மேசையில் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் ஈரோட்டிலேயே அவர்தான். கண்ணை எடுத்தால் வியாபாரி.

"இது வெளிய போகாது மேடம்."

"இருபத்தாறாந்தேதி அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன் டாக்டர்."

"பிரமிளாகிட்ட நான் பேசிக்கறேன். இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம், தள்ளிப்போடச் சொல்லலாம். நம்ம பேர்ல திருத்தம்னு ஒரு காகிதம் போச்சுன்னா, இந்த மெஷின் வந்த நாள்லருந்து குடுத்த அத்தனைக்கும் வந்து நிப்பாங்க."

"வரட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பவானிப் பொண்ணும் வரட்டுங்களா? அந்த சினைப்பை நம்மகிட்டதான் பயாப்ஸிக்கு வந்துச்சு. நான்தான் பார்த்தேன். நார்மல் திசு, கட்டி கிடையாதுன்னு எழுதினேன். என் ரிப்போர்ட்டும் உங்க ரிப்போர்ட்டும் ஒரே ஃபைல்ல இருக்கு. நீங்க அன்னைக்கு அதைப் பார்த்தீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நானும் கேக்கலை. இப்ப என்ன புதுசா?"

திருத்திய ரிப்போர்ட்டை எடுத்து வந்துவிட்டேன்.

இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

பூர்ணிமா, வயது இருபத்தாறு அப்போது. 228. கையெழுத்து என்னுடையது. டாக்டர் பிரமிளாதான் அறுத்தார். நான் கையெழுத்துப் போட்ட பத்தாம் நாள் அந்தச் சினைப்பை ஃபார்மலின் புட்டியில் எங்கள் லேபுக்கே வந்தது. ரிப்போர்ட் என் மேசை வழியாகத்தான் போகும். கட்டி இல்லை என்று படித்தேன். கட்டி இல்லாவிட்டால் 228 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒரு முதல் வருட மாணவிக்கும் வரும். எனக்கும் வந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் கிட் விளக்கத்தாளை எடுத்தேன். குறுக்கிடும் பொருள்கள் என்ற பட்டியலில் நோரெதிஸ்டிரோன் ஏழாவதாக இருந்தது. மடித்து ஃபைலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் கத்திரிக்காய் வாங்கினேன் என்பது வரை நினைவிருக்கிறது.

டாக்டர் பிரமிளாவையும் சங்கத் தலைவரையும் இத்தனை நாளாக நான் ஏசிக்கொண்டிருப்பது எதற்காக என்று இப்போதாவது தெரிந்துகொள்ளலாம். அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

ஏப்ரல் 21

தலைவலி. வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 22

பெங்களூர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் பிரமிளாவின் கிளினிக்குக்குப் போனேன். நோயாளிகளோடு உட்கார்ந்து டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். நாற்பத்தேழாம் நம்பர்.

படித்தார். முகம் சிவந்தது.

"ரெண்டு தடவை ஓட்டினேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அதை நம்பித்தான் நான் தேதி குடுத்தேன். நாளைக்கு ஏதாவது ஆகியிருந்தா எம் பேருதான் நாறும். லேப்காரங்களை யாரு கேப்பாங்க?"

அதுவும் சரிதான். எண்ணை மட்டும் பார்க்கும் டாக்டர் என்று இளக்காரமாக நினைத்திருந்தேன். அந்த எண்ணை அவர் கையில் கொடுத்தது யார்.

ஆபரேஷனை என் எதிரிலேயே ரத்து செய்தார். நான் எழுந்துகொள்ளும்போது, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பழைய கேஸ்?" என்றார்.

"ஆமா டாக்டர். பெரும்பாலும் அதுவும் இதேதான்."

"அதை இப்ப பேச வேண்டாம்" என்று மணியை அடித்தார். நாற்பத்தெட்டாம் நம்பர் உள்ளே வந்தது.

ஏப்ரல் 24

கௌசிகா தனியாக வந்தாள். திருத்திய ரிப்போர்ட்டை என் கையாலேயே கொடுத்தேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லவில்லை.

"அப்ப அம்பத்தேழுதான் என்னோடதுங்களா?"

"ஆமா. உன்னை மாதிரி பொண்ணுங்க நெறையப் பேருக்கு இந்த அளவுதான் இருக்கு. பிசிஓடி இருக்கறது நிஜம். அதுக்கு வயித்தை அறுக்க வேண்டியதில்லை."

"இந்த மொகத்துல முடி?"

"அதுக்குத் தனியா மருந்து இருக்கு. மெதுவாத்தான் கொறையும்."

ரிப்போர்ட்டைப் பையில் வைத்தாள். "எங்கம்மா ரெண்டு வாரமாச் சோறு திங்கலீங்க. எனக்குப் புத்துநோய்னு மாமா வூட்டுக்கெல்லாம் சொல்லி அழுதாச்சு. இனி ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி இல்லைன்னு சொல்லோணும். அதையும் மெஷினே பண்ணாதுங்கள்ல?"

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.

ஏப்ரல் 29

என் ரத்தத்தைச் சோதித்த ஐந்து லேப்களில் மூன்று புதிய படிவத்துக்குச் சம்மதித்திருக்கின்றன. ஒரே அலகு. ரத்தம் எடுத்த நேரம், கடைசி மாதவிலக்குத் தேதி, ஒரு மாதத்துக்குள் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளும். நூற்றைம்பதுக்கு மேல் போனால் உறுதி செய்யாமல் ரிப்போர்ட் கிடையாது. நாங்களும் அந்த மூன்றில் ஒன்று. டாக்டர் நாச்சிமுத்துவே படிவத்தை அச்சடிக்கக் கொடுத்துவிட்டார். கீழே லேப் பெயர் பெரிதாக, கலரில். இனி வருபவர்களுக்கு நல்லது செய்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஏற்கெனவே வந்து போனவர்களைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

கௌசிகாவுக்குத் திருத்திய ரிப்போர்ட் கொடுத்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் ஆய்வு முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மரியாதையாகச் சொன்னார். முறுக்கிக்கொள்ளவில்லை. காபி கூட வரவழைத்தார்.

ரெஹானா அழுதாள். அழுவதை நிறுத்திவிட்டு பவானி முகவரியைப் பதிவேட்டிலிருந்து எழுதி என் பையில் வைத்தாள். நான் கேட்கவில்லை.

மே 4

பவானி போயிருந்தேன்.

பூர்ணிமா கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறாள். லீவு நாள், வீட்டில் இருந்தாள். அவளும் அம்மாவும் மட்டும். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னாள். யார் என்று சொன்னேன்.

"லேப்லருந்துங்களா? என்ன விஷயமுங்க?"

அந்த டெஸ்டுக்கு முன்னால் தேதி தள்ளிப்போடும் மாத்திரை ஏதும் போட்டிருந்தாளா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "எங்கண்ணன் கல்யாணமுங்க அந்த வாரம். போட்டேன்."

சொன்னேன். மெஷின், மாத்திரை, 228, எல்லாம். முகத்தில் ஒன்றும் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு கட்டி இல்லைன்னு சொன்னாங்க" என்றாள் கடைசியில். "நாங்க சந்தோஷப்பட்டோமுங்க. ஆத்தா காப்பாத்திட்டான்னு எங்கம்மா பண்ணாரி கோயில்ல போய் மொட்டை போட்டுட்டு வந்தாங்க. எனக்குப் பார்த்திருந்த எடத்துல, ஒரு பக்கம் எடுத்த பொண்ணு வேண்டாம்னுட்டாங்க. அதுக்கும் நாங்க ஒண்ணும் சொல்லலை. உசுரு இருக்கே, அது போதும்னு இருந்தோம். ரெண்டு வருஷமா அந்த டாக்டரம்மாவுக்குத் தீபாவளிக்கு ஸ்வீட் குடுத்துட்டு வர்றோம்."

மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். எழுதினேன். முப்பது வருடம் ரிப்போர்ட் எழுதிய கை, இதையும் ரிப்போர்ட் போலவே எழுதியது. வாங்கி, வங்கிக்காரி படிப்பதுபோல வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"மாத்திரையால் அளவு தவறாக உயர்ந்திருக்கலாம்னு எழுதியிருக்கீங்க. லாம் எதுக்குங்க?"

"உங்க ரத்த மாதிரி இப்ப கிடையாதும்மா. அப்பவே கொட்டியாச்சு. நிரூபிக்க முடியாது. அதுக்கு மேல நான் எழுதினா அது பொய்யாயிரும்."

"சரிங்க." ஒத்துக்கொண்டாள். விரல் கீழே இறங்கியது. "பயாப்ஸி முடிவு வந்தபோது இந்த முரண்பாட்டைக் கவனிக்கத் தவறியிருக்கலாம்னு இருக்கு. இந்த லாமுக்கும் ரத்த மாதிரி வேணுமுங்களா?"

மாடியில் அவள் அம்மா துணியை உதறும் சத்தம் கேட்டது.

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். கவனித்தேன், சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"தேதி போடுங்க" என்றாள்.

போட்டேன். ஒன்றல்ல, இரண்டு. இன்றைய தேதியும், நான் கவனித்த தேதியும்.